தண்ணி ஏறுகிற சத்தம்

ஜூன் 9, திங்கள்

ரெஜினா டீச்சர் சொன்னபடி இன்றிலிருந்து தினமும் எழுதுகிறேன். என்ன எழுத என்று கேட்டேன். "வாய்க்கு வர்றத எழுதுங்கக்கா. உங்க வாய்க்கா பஞ்சம்?" என்றாள். கை ஓடிப் பழகவேண்டுமாம். ஆகஸ்டில் பரீட்சை. எட்டாம் வகுப்பு. நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். என் கூட்டாளிகளின் பேரன் பேத்திகளே எட்டாவதுக்கு வரப்போகிறார்கள். நானும் படிக்கிறேன். இரட்டைச் சடையும் ரிப்பனும்தான் பாக்கி.

எட்டாவது பாஸ் என்று ஒரு தாள் வாங்கிவிட்டால் என் வீட்டுக்காரர் வேலை பார்க்கிற நகராட்சியிலேயே எனக்கும் ஒரு வேலை தருவார்கள். இல்லையென்றால் கிடையாது. "கருணை அடிப்படையில்" என்றார் ஆபீஸில் இருந்த கண்ணாடிக்காரர். கருணைக்கும் எட்டாவது பாஸ் கேட்கிறார்களே சார் என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன், யாராவது ஒருத்தர் சிரிக்க வேண்டுமே என்று.

உட்கார்ந்தால் எழுத்து வரமாட்டேன் என்கிறது. வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. அதுதான் கோளாறு.

ஜூன் 10, செவ்வாய்

அமைதி எனக்குப் பழக்கமில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பம்பு ஹவுஸை ஒட்டின குவார்ட்டர்ஸில்தான் குடித்தனம். சுவருக்கு இந்தப் பக்கம் என் அடுப்படி, அந்தப் பக்கம் மோட்டார். அவர் மோட்டார் ஓட்டுகிறவர். ஊர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறவர். தொட்டி நிரம்பப் போகிற நேரம் மோட்டார்ச் சத்தம் கொஞ்சம் கனக்கும். சாப்பாட்டுத் தட்டில் கை வைத்திருந்தாலும் சரி, "தண்ணி ஏறிட்டு" என்று எழுந்து போய்விடுவார். என் குழம்பை விட அந்த மோட்டார்மேல்தான் மனுஷனுக்குப் பிரியம்.

எங்கள் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசியது கிடையாது. கத்தினால்தான் கேட்கும். என் பெயர் உலகம்மாள் என்பதே அவருக்கு மறந்திருக்கும். "ஏளா!" என்று ஒரு கத்து, அவ்வளவுதான். ஒருநாள் நான் புதுச் சேலை கட்டியிருந்தேன். மோட்டார் ரூம் வாசலிலிருந்து என்னவோ கத்தினார். காதில் விழவில்லை, என்ன என்று கையாட்டினேன். இன்னும் பலமாகக் கத்தினார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. மோட்டார் நின்றது. "ஏளா, இன்னைக்கு நீ அழகா இருக்க!" என்று ஊருக்கே கேட்டது. குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். மனுஷன் அன்றைக்கு மோட்டார் ரூமை விட்டு வெளியே வரவே இல்லை.

பங்குனியில் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள். புது ஆள் வரவேண்டும் அல்லவா. டீச்சர் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கே நான் சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுகிறேன் என்று எட்டிப் பார்க்கிறார்கள்.

ஜூன் 13, வெள்ளி

கோயம்புத்தூரிலிருந்து மகள் மகரஜோதி பேசினாள். கம்பெனியில் வேலை பார்க்கும்போது அவளும் காதில் ஏதோ பாட்டு வைத்துக்கொள்வாளாம். அப்போதுதான் கவனம் சிதறாதாம்.

"எம்மா, படிக்கதுக்குன்னே தனியா பாட்டு இருக்கு. அனுப்பி வைக்கேன். பின்னாடி ஓடவிட்டுட்டு எழுது."

"பின்னாடி ஓடணுமா? முன்னாடி ஓடினா பிடிச்சிட்டு வரணுமோ?"

"எம்மா!"

பாட்டிலும் படிக்கிற பாட்டு, படுக்கிற பாட்டு என்று வந்துவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

முதலில் மழைச் சத்தம். நல்ல மழை. இரண்டு வரி எழுதியிருப்பேன், எழுந்து ஓடிப்போய்க் கொடியில் கிடந்த துணியெல்லாம் அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். வெளியே வெயில் கொளுத்துகிறது. எதிர்வீட்டுக்காரி, "என்னக்கா, அதுக்குள்ள காஞ்சிட்டா?" என்றாள். ஆமா என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து ஈரத் துணியை நாற்காலியில் விரித்தேன்.

அடுத்தது பியானோ. யாரோ யோசித்து யோசித்து ஒவ்வொரு கட்டையாகத் தட்டுகிறார். அடுத்து எப்போது தட்டுவார் என்று காத்திருந்ததில் பேனா மூடியைக் கடித்தே தட்டையாக்கிவிட்டேன். நாதஸ்வரமும் போட்டுப் பார்த்தேன். பந்தியில் இடம் பிடிக்க வேண்டும் போல் இருந்தது.

ஜூன் 18, புதன்

சினிமாப் பாட்டுதான் நமக்குச் சரி என்று போட்டேன். பாட்டு பாட்டுக்கு ஓடியது, நானும் மளமளவென்று எழுதினேன். டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினால் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். வெள்ளைக்காரக் கலெக்டர் விவசாயிகளிடம் நிலவரி வாங்கினார் என்பது வரை சரியாக இருக்கிறதாம். அடுத்த வரியில் அந்தக் கலெக்டரே கொலுசும் வாங்கித் தந்திருக்கிறார்.

"யாருக்குக்கா கொலுசு?"

"வரி கட்டினவளுக்குத்தான். சும்மாவா கட்டுவா?"

ஜூன் 19, வியாழன்

செல்லக்கனி வந்தாள். அவருடைய தங்கை, எனக்கு நாத்தனார். வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன மதினி இது? எங்கண்ணன் போயி வருசம் திரும்பல. அதுக்குள்ள இந்த வீட்டுல பாட்டு கேக்கு."

"படிக்கதுக்குப் போட்டேன்ட்டி."

"தெருவுல எல்லாரும் படிக்கதுக்குன்னா நெனப்பாவ?"

அவள் சொல்வதும் நியாயம். டிவியை நான்தான் பழைய சேலை போட்டு மூடி வைத்திருக்கிறேன். வருஷம் முடிகிற வரை துக்க வீட்டில் பாட்டுச் சத்தம் ஆகாது. அந்தச் சேலை டிவிக்கு நன்றாகவே இருக்கிறது, எனக்கு இருந்ததைவிட எடுப்பாக இருக்கிறது என்றேன். செல்லக்கனி சிரிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொண்டுவந்த முருங்கைக்கீரையை மட்டும் அடுப்படியில் வைத்துவிட்டுப் போனாள்.

ஜூன் 21, சனி

பாட்டு என்றால்தானே குற்றம், வார்த்தையே இல்லாத இசை அனுப்புகிறேன் என்றாள் மகள். புல்லாங்குழல்.

போட்டேன். அணைத்துவிட்டேன். சோறு வடித்தேன்.

ஜூன் 26, வியாழன்

டீச்சர் இன்றைக்குக் கடிதம் எழுதச் சொன்னாள். வருஷா வருஷம் பரீட்சையில் வருகிற கடிதமாம். உங்கள் பகுதியில் குடிநீர் சரியாக வரவில்லை, நகராட்சி ஆணையருக்குக் கடிதம் எழுதுக.

"இத நான் எழுத மாட்டேன் டீச்சர்."

"ஏன்க்கா?"

"தண்ணி வராம என்ன? அவர் மோட்டார் ஓட்டுதாரு. அவர்மேலயே நான் பெட்டிஷன் போடவா? சோறு கேட்டு வந்து உக்காருவாரு, மூஞ்சிய எங்க வைக்க?"

டீச்சர் அந்தப் பக்கத்தைத் திருப்பினாள். பிறகு, "சரி, கட்டுரை எழுதுங்க. மரம் வளர்ப்போம்" என்றாள். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். மரமும் வளரவில்லை, எழுத்தும் வளரவில்லை. சத்தமில்லாத வீட்டில் பேனாவை ஊன்றினால் காது தானாக வாசலுக்குப் போய்விடுகிறது.

ஜூலை 1, செவ்வாய்

வயிற்றுவலி. எழுதவில்லை. இதை எழுதினதே பெரிது.

ஜூலை 4, வெள்ளி

நோட்டில் டீச்சர் சிவப்பு மையால் வட்டம் வட்டமாகப் போட்டிருக்கிறாள். என் குடும்பத்தைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொல்லியிருந்தாள். "என் கணவர் மோட்டார் ஓட்டுகிறார். அவருக்குக் கருவாட்டுக் குழம்பு பிடிக்கிறது. அவர் என்னை ஏளா என்று கூப்பிடுகிறார்." எல்லாவற்றிலும் வட்டம். அம்மை போட்ட மாதிரி இருக்கிறது நோட்டு.

"எழுத்துல பிழையா டீச்சர்?"

"எழுத்து சரிக்கா. காலம்தான்... வினை முடியிற எடம் மாறணும். இதெல்லாம் இறந்த..."

 பாவம், சின்னப்பிள்ளை. பேனா மூடியைக் கழற்றினாள், மாட்டினாள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன், "இறந்தகாலம்தானே? சொல்லுங்க, என்னைக் கடிக்கவா போகுது" என்று. அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. முறுக்கு இருக்கிறது, தின்கிறீர்களா என்று கேட்டு எழுந்து வந்தேன்.

நிகழ்காலம், எதிர்காலம் என்றெல்லாம் நல்ல பெயராக வைத்தவர்களுக்கு இதற்கு மட்டும் வேறு பெயரா கிடைக்கவில்லை.

வட்டம் போட்ட எதையும் நான் திருத்தவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

பம்பு ஹவுஸுக்குப் போனேன். அவருடைய ஒரு டிபன் பாக்ஸ் அங்கே மாட்டியிருந்தது, அதை எடுக்கத்தான். புது ஆபரேட்டர் கருத்தப்பாண்டி நல்ல மாதிரி. "வாங்க மதினி" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். என் அடுப்படியில் இப்போது அவர் வீட்டம்மா மீன் பொரிக்கிறாள். எண்ணெய் கொஞ்சம் கூடுதல்.

மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பையில் நோட்டு இருந்தது. சும்மா எடுத்தேன். மரம் வளர்ப்போம் கட்டுரை பக்கம் பக்கமாக வந்துவிட்டது. ஒரு அடித்தல் இல்லை, ஒரு கொலுசு இல்லை. நிமிர்ந்து பார்த்தால் கருத்தப்பாண்டி சாப்பிட்டே முடித்திருக்கிறார்.

சத்தம் கனத்தது. "தண்ணி ஏறிட்டு" என்றேன். நான் சொல்லவில்லை, வாய் சொல்லிவிட்டது. கருத்தப்பாண்டி கையைக்கூடக் கழுவாமல் என்னையே பார்த்தார். பிறகு எழுந்துபோய் மோட்டாரை நிறுத்தினார். 

வரும்போது, ஒருமுறை மறுபடி ஓடவிடுங்கள் தம்பி என்று கேட்டு போனில் பிடித்துக்கொண்டேன். டிபன் பாக்ஸை மறந்துவிட்டேன்.

ஜூலை 9, புதன்

மோட்டாரைப் போட்டுக்கொண்டு எழுதினேன். அறிவியல் ஒரு பாடம் முழுக்க முடிந்தது.

ஜூலை 10, வியாழன்

மோட்டார். கணக்கு. பின்னம் இன்னும் பிடிபடவில்லை. அது மோட்டாரின் குற்றமில்லை.

ஜூலை 12, சனி

மகளிடம் சொன்னேன், எனக்கேற்ற பாட்டு கிடைத்துவிட்டது என்று. கேட்கவிட்டேன். 

"எம்மா, இத வச்சா எழுதுத?"

"ஆமா. பாடுறவர் ஆர்னு தெரியுதா?"

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். கம்பெனியில் இருந்துகொண்டு அழாதே, சம்பளத்தில் பிடிப்பார்கள் என்றேன். அப்புறம் அவளே, "அந்தப் புல்லாங்குழல் ஏம்மா ஒத்து வரல?" என்று கேட்டாள்.

சொல்லிவிட்டேன். அவரைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் கூரையில் சின்னதாக ஸ்பீக்கர் வைத்து நாள் முழுக்கப் புல்லாங்குழல் ஓடவிடுகிறார்கள். மெல்லிசாக, யாருக்கும் தொந்தரவில்லாமல். அதைக் கேட்டுக்கொண்டுதான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்து வெளியே வந்த டாக்டர் என்னிடம் பேசிக்கொண்டிருந்தபோதும் அது பாட்டுக்கு ஓடியது. ஒரு நிமிஷம் நிறுத்தியிருக்கலாம். கரண்ட்கூடப் போகவில்லை.

ஜூலை 17, வியாழன்

மோட்டாரைப் போட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது செல்லக்கனி வந்தாள். இன்றைக்கு என்ன திட்டு விழப்போகிறதோ என்று போனை எடுத்தேன்.

"ஆரு வீட்டு மோட்டாரு மதினி ஓடுது?"

"போன்லட்டி. பம்பு ஹவுஸு. அணைச்சிருதேன், பொறு."

"வேண்டாம். இருக்கட்டும்."

அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அண்ணன் மோட்டார் ஓட்டப் போன புதிதில் அம்மா கொடுத்த சோற்றுப் போணியைக் கொண்டுபோவது அவள்தான். எனக்கு முன்னாலேயே அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். நான்தான் யோசித்ததில்லை.

"பாட்டுப் போடக் கூடாதுன்னு சொன்னியே, இது மட்டும் ஆகுமாட்டி?" என்று கிண்டினேன்.

"இது பாட்டா மதினி? இது எங்கண்ணன்லா" என்றாள்.

போனில் பிடித்தது முடிந்துவிட்டது. "இன்னொரு தடவ போடு" என்றாள். போட்டேன். இன்றைக்கும் அவள் கொண்டுவந்திருந்த முருங்கைக்கீரையை இரண்டு பேருமாக உருவினோம். எழுத்து வேலை ஒன்றும் நடக்கவில்லை.

ஜூலை 28, திங்கள்

டீச்சர் குண்டைப் போட்டாள். "அக்கா, பரீட்சை ஹாலுக்குள்ள போன் கொண்டுபோக விடமாட்டாங்க. தெரியும்லா?"

தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன். மோட்டாரைத் தலையில் தூக்கிக்கொண்டு போகவா என்று கேட்டேன். இனி பாடம் படிக்கிற அவள் வீட்டுத் திண்ணைகூட வேண்டாம், உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எந்தச் சத்தமும் இல்லாமல் எழுதிப் பழகச் சொன்னாள். உட்கார்ந்தேன். பெயர் எழுதினேன். அதோடு சரி. அமைதியில் யாராவது கூப்பிடுகிறார்களா என்றே இருக்கிறது. "ஏளா" என்று கேட்குமோ என்று காத்திருக்கிறேன். கேட்கவில்லை. கேட்காது. அதற்குப் பிறகு மேற்குத் தொடர்ச்சி மலையின் சிறப்புகளை எழுது என்றால் எப்படி எழுத?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அமைதியில் நான்கு வரி.

ஆகஸ்ட் 11, திங்கள்

அமைதியில் இரண்டு வரி. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகப் போகிறது. ஃபெயிலானால் செல்லக்கனியின் மாப்பிள்ளை கடையில் அப்பளம் போடப் போகலாம். அப்பளம் எழுதச் சொல்லாது. ஆனால் நகராட்சியில் வேலை கிடைத்தால் அந்த கேட்டுக்குள் தினமும் போகலாம். ஆபீஸுக்குப் பின்னால்தான் பம்பு ஹவுஸ். இதை யாரிடமும் சொல்லவில்லை. வேலை சம்பளத்துக்கு என்றே எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

தமிழ்ப் பரீட்சை முடிந்தது. செல்லக்கனி திருநீறு பூசி அனுப்பினாள். போன் அவள் கையில்.

ஹாலில் என்னைச் சுற்றிச் சின்னச் சின்னப் பிள்ளைகள். ஒரு பையன் என்னைப் பார்த்து எழுந்து நின்று வணக்கம் சொன்னான், சூப்பர்வைசர் என்று நினைத்துவிட்டான். உட்காரு ராசா, நானும் உன் கிளாஸ்தான் என்றேன். அத்தனை பேரும் சிரித்தார்கள். மணி அடித்தது. அவ்வளவுதான், சத்தம் எல்லாம் அடங்கிவிட்டது. மேலே சுற்றுகிற மின்விசிறிகூடச் சத்தமில்லாத புது மின்விசிறி. அதற்கும் என்மேல் என்ன கோபமோ.

ஒன்றும் வரவில்லை. முன்னால் இருந்த பையன் கூடுதல் தாள் கேட்டான். நான் இன்னும் முதல் தாளில் என் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன். காது வாசலுக்குப் போய்விட்டது.

கேள்வித்தாளைப் புரட்டினேன். அந்தக் கடிதம் வந்திருந்தது. உங்கள் பகுதியில் குடிநீர் வரவில்லை.

அந்த ஹால் எதைப் போல் இருந்தது என்று அப்போதுதான் பிடிபட்டது. கரண்ட் போனால் மோட்டார் நிற்குமே, அந்த நேரம் மாதிரி இருந்தது. ஊரே ஒரு நொடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அவர் கத்தியது அப்படி ஒரு நேரத்தில்தான் எனக்குக் கேட்டது.

எழுதினேன். எழுதியதில் நினைவிருக்கிறது இவ்வளவு:

"மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் பகுதியில் மாசி மாதத்திலிருந்து தண்ணீர் வரவில்லை. அதற்கு முன்பு ஒருநாள்கூட வராமல் இருந்ததில்லை. மோட்டார் பழுதாகவில்லை. மோட்டாரை ஓட்டியவர் இறந்துவிட்டார். அவர் சாப்பாட்டிலிருந்து பாதியில் எழுந்து போய்த் தண்ணீர் கொடுத்தார். அப்போது நாங்கள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இப்போது எங்கள் வீட்டில் சத்தமே இல்லை. தாங்கள் ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

கேட்டது ஒரு பக்கம், நான் எழுதியது அதைவிட நீளம். எழுத எழுதத் தாளில் சொட்டிவிட்டது. தண்ணீர் இல்லை என்று எழுதின இடத்தில் தண்ணீர். சூப்பர்வைசர் அம்மா குனிந்து, உடம்பு சரியில்லையா என்றாள். மை கசிகிறது என்றேன். அதற்குப் பிறகு மற்ற கேள்விகளும் ஓடின. இலக்கணத்தில் காலம் மாற்றுக என்று வந்திருந்தது. மாற்றினேன்.

வெளியே வந்ததும் செல்லக்கனி, "எப்படி மதினி?" என்றாள்.

"உங்கண்ணன்மேல பெட்டிஷன் போட்டுட்டு வாரேன்."

அவளுக்குப் புரியவில்லை. போனை நீட்டி, மோட்டாரைப் போடவா என்று கேட்டாள். வேண்டாம், உனக்கு வேண்டுமானால் போட்டுக்கொள் என்றேன். பஸ்ஸில் காதில் வைத்துக்கொண்டே வந்தாள். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தேன்.

இதை எழுதும்போது வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை. நாளைக்கு வேறு பாடம், பாஸோ ஃபெயிலோ பிறகு தெரியும். ரெஜினா டீச்சருக்கு நோட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். வட்டம் போட்ட இடங்களை எல்லாம் கீழே திருத்தி எழுதியிருக்கிறேன்.

என் கணவர் மோட்டார் ஓட்டினார். அவருக்குக் கருவாட்டுக் குழம்பு பிடித்தது. அவர் என்னை ஏளா என்று கூப்பிட்டார்.

டீச்சர், சிவப்புப் பேனாவை மூடி வையுங்கள். இதில் வட்டம் போட ஒன்றுமில்லை.